அணுகுண்டுக்குத் தப்பிய சிறுவன் உலகத்துக்கு உடை தைத்தான்!

ஒரு சட்டை. அதை மடித்து வைக்க வேண்டாம். கயிறு போல முறுக்கலாம். பாய் போலச் சுருட்டலாம். பெட்டியின் மூலையில் திணித்து விடலாம். போன ஊரில் பெட்டியைத் திறந்து, எடுத்து ஓர் உதறு உதறினால் போதும். கடையில் இருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போல நிற்கும். இஸ்திரிப் பெட்டிக்கு அங்கே வேலை இல்லை!

இரவில் துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்து விடும். ஒல்லியான பெண் அதைப் போடலாம். கொஞ்சம் பருத்த பெண்ணும் அதையே போடலாம். பிள்ளை உண்டான பெண்ணும் போடலாம். உடம்பு எப்படியோ, சட்டை அப்படி வளைந்து கொடுக்கும்.

இந்த அதிசயச் சட்டையை உண்டாக்கியவர் ஜப்பான் நாட்டுக்காரர். அவர் பெயர் இஸ்ஸே மியாகே. 2022-ம் ஆண்டில் தமது 84-வது வயதில் காலமானார். அவர் மறைந்தாலும் அவர் காட்டிய வழி மறையவில்லை. உடுத்துகிற துணியைப் பற்றி உலகம் நினைத்துக் கொண்டிருந்ததையே மாற்றி விட்டுப் போனவர் அவர்.

காலை மணி 8.15

மியாகே 1938-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் எது தெரியுமா? ஹிரோஷிமா!

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி. சிறுவனுக்கு அப்போது வயது 7. பள்ளிக்கூடத்தில், வகுப்பில் இருந்தான். காலை மணி 8.15. அமெரிக்க விமானம் ஒன்று அந்த நகரத்தின் மீது அணுகுண்டை வீசியது.

செக்கச்செவேல் என்று ஓர் ஒளி. சற்று நேரத்தில் ஒரு கரிய மேகம். நாலா பக்கமும் ஓடுகிற ஜனங்கள். கண்ணை மூடினால் இன்றும் அந்தக் காட்சி தெரிகிறது என்று அவர் 71-வது வயதில் எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் குண்டுக்குப் பலியானவர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். சிறுவன் உயிர் தப்பினான். ஆனால் குண்டின் நச்சுக் கதிர் அவனுடைய தாயாரை விடவில்லை. 3 ஆண்டுக்குள் அந்த அம்மாள் இறந்து போனார்.

இந்தக் கதையை மியாகே ஊர் ஊராகச் சொல்லிக் கொண்டு திரியவில்லை. சொல்லியிருந்தால் பத்திரிகைகள் கொண்டாடியிருக்கும், அனுதாபம் கொட்டியிருக்கும். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "அணுகுண்டுக்குத் தப்பிய தையல்காரர்" என்ற பெயர் தமக்கு வந்து விடக் கூடாது என்று நினைத்தார். எத்தனையோ ஆண்டுகள் வாயை மூடிக் கொண்டிருந்தார்.

2009-ம் ஆண்டில்தான் அவர் மனம் திறந்து எழுதினார். அணு ஆயுதம் இல்லாத உலகம் வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பேசியிருந்தார். அந்தப் பேச்சு மியாகேயின் உள்ளத்தைத் தொட்டது. ஹிரோஷிமாவுக்கு ஒரு முறை வாருங்கள் என்று ஒபாமாவை அழைத்து, நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அழிவதைப் பற்றி நினைப்பதை விட, ஆக்குவதைப் பற்றி நினைக்கவே எப்போதும் விரும்பினேன் என்று அதில் சொன்னார். அதனால்தான் உடை செய்யும் தொழிலுக்கு வந்தாராம். உடை புதுமையானது, நம்பிக்கை தருவது, போடுகிறவரைச் சந்தோஷப்படுத்துவது.

7 ஆண்டு கழித்து, 2016-ம் ஆண்டு மே மாதத்தில் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வந்தார். பதவியில் இருக்கும்போது அங்கே காலடி வைத்த முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

சிறு வயதில் மியாகேக்கு ஆசை வேறாக இருந்தது. நடனக்காரன் ஆக வேண்டும், அல்லது விளையாட்டு வீரன் ஆக வேண்டும் என்று நினைத்தார். அவருடைய அக்காள் உடை அலங்காரப் பத்திரிகைகள் வாங்குவது வழக்கம். தம்பி அவற்றைப் புரட்டினார். மனம் அந்தப் பக்கம் திரும்பி விட்டது. (நடன ஆசையும் விளையாட்டு ஆசையும் வீண் போகவில்லை. அது பின்னால் வருகிறது.)

இன்னொன்றும் உண்டு. குண்டு விழுந்து பாழான ஹிரோஷிமாவில், போருக்குப் பிறகு இரண்டு பாலங்களுக்கு அழகான கைப்பிடிச் சுவர்கள் கட்டினார்கள். அவற்றை வரைந்து கொடுத்தவர் இசாமு நொகுச்சி என்ற சிற்பி. இடிந்த ஊரில் இப்படி ஒரு பொருளை மனிதன் செய்ய முடியுமா என்று இளைஞர் மியாகே வியந்தார்.

ஒரு மாணவனின் கடிதம்

டோக்கியோவில் கலைக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. 1960-ம் ஆண்டு அந்த நகரத்தில் உலக வடிவமைப்பு மகாநாடு கூடியது. கட்டிடம் வரைகிறவர்கள், நாற்காலி மேஜை செய்கிறவர்கள், விளம்பரம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். உடை செய்கிறவர்களுக்கு மட்டும் இடம் இல்லை!

மியாகே மகாநாட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். "உடையை ஏன் விட்டு விட்டீர்கள்?" என்பதே கேள்வி. மனிதன் குடியிருக்கிற வீட்டை வரைவது ஒரு கலை என்றால், அவன் உடம்பிலேயே குடியிருக்கிற துணியை வரைவது கலை ஆகாதா? ஒரு மாணவன் கேட்ட கேள்விதான். ஆனால் அவர் ஆயுள் முழுவதும் செய்த வேலை எல்லாம் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று கூறலாம்.

1965-ல் பாரிசுக்குப் போனார். உடை அலங்காரத்துக்குத் தலைநகரம் அதுதான். அங்கே பள்ளியில் சேர்ந்து தொழில் கற்றார். பிறகு லரோஷ், ஜிவான்ஷி என்ற பெரிய உடைக் கலைஞர்களிடம் வேலை பார்த்தார். அங்கே ஒரு சீமாட்டிக்கு ஒரு கவுன் தைப்பார்கள். அந்த ஒரு கவுனுக்குப் பல முறை அளவெடுப்பார்கள். பல பேர் உட்கார்ந்து கையால் தைப்பார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

1968-ம் ஆண்டு மே மாதம். பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மியாகே நேரில் பார்த்தார். "நாலைந்து சீமாட்டிகளுக்காகத் தைத்துக் கொண்டிருக்கிறோமே, இந்தத் தெருவில் நிற்கிறவர்களுக்கு யார் தைப்பது?" என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது. ஏழை, பணக்காரன் எல்லாரும் போடுகிற ஜீன்ஸ் கால்சட்டை, பனியன் சட்டை போல ஓர் உடை செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். கொஞ்ச காலம் நியூயார்க்கில் இருந்து விட்டு, 1970-ல் டோக்கியோவுக்குத் திரும்பிச் சொந்தத் தொழிற்கூடம் தொடங்கினார்.

ஒரே துணி

மேல்நாட்டுத் தையல் எப்படி? துணியைப் பல துண்டாக வெட்டுவார்கள். தோளுக்கு ஒரு துண்டு. மார்புக்கு ஒரு துண்டு. இடுப்பைப் பிடித்துத் தைப்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே துணியை ஆக்குவது அந்த முறை. கோட்டைக் கழற்றி மாட்டி வைத்தாலும் ஆள் நிற்பது போலவே இருக்கும்.

ஜப்பானின் பழைய கிமோனோ அப்படி அல்ல. குறுகிய அகலத் துணியை நேர் நேராக வெட்டி, நேர் நேராகத் தைத்து விடுவார்கள். கழிவு துளியும் இல்லை. தரையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். ஆள் உடுத்திய பிறகுதான் அதற்கு உருவம் வரும். சேலை கட்டுகிற வீட்டில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கொசுவம் வைக்கிறவள் கையில்தான் சேலையின் அழகு இருக்கிறது.

மியாகே பிடித்துக் கொண்டது இதைத்தான். உடம்புக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். ஆள் நடக்கும்போது துணியும் கூடவே அசைய வேண்டும். உடையை முடித்து வைப்பவர் தையல்காரர் அல்ல, உடுத்துகிறவர்தான். "ஒரு துணி" என்று இந்தக் கொள்கைக்குப் பெயர் வைத்தார். 1970-களில் அதைக் கொண்டே பெயர் எடுத்தார்.

அதற்காக அவர் பழைய ஜப்பானிய உடையை அப்படியே தைத்து விற்றார் என்று எண்ணி விடக் கூடாது. குடியானவர்கள் போடுகிற, தையலோடித் தடித்த பருத்தித் துணியை எடுத்துப் பட்டணத்துக் கோட்டாக ஆக்கினார். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து மார்க்கவசம் போலச் செய்தார். கூடை முடைகிற கைவினைஞரைக் கொண்டு பிரம்பிலும் மூங்கிலிலும் ஒரு மேற்சட்டை பின்னினார். 1982-ம் ஆண்டு அமெரிக்காவின் 'ஆர்ட்ஃபோரம்' என்ற கலைப் பத்திரிகை அந்தப் பிரம்புச் சட்டையைத் தன் அட்டையில் போட்டது. ஓவியமும் சிற்பமும் வருகிற அட்டையில் உடை! 1960-ல் அனுப்பிய கடிதத்துக்கு ஒரு பதில் கிடைத்தது.

அந்தப் பிரம்புச் சட்டையைப் போட்டுக் கொண்டு பஸ்சில் ஏற முடியுமா? முடியாது. மியாகேக்கும் அது தெரியும். சோதனை வேறு, சாப்பாடு வேறு.

துணி விஷயத்தில் அவருக்கு வலக்கை போல இருந்தவர் மகிகோ மினகவா என்ற பெண்மணி. சாயம் போடுகிறவர்கள், நெய்கிறவர்கள் இருக்கிற இடத்துக்கெல்லாம் போய், மறைந்து கொண்டிருந்த கைவேலைகளுக்கு உயிர் கொடுத்தார். உடை செய்தவரின் புகழ்தான் வெளியே தெரியும். துணி செய்தவரின் பெயர் உள்ளே மறைந்து விடும். மினகவாவும் அப்படிப்பட்டவரே.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. அகமதாபாத்தில் ஆஷா சாராபாயின் பட்டறையில் இந்தியத் துணிகளைக் கொண்டு தைத்த உடைகளை, 1980-களில் மியாகேயின் நிறுவனம் ஜப்பானில் விற்றது. 2000-ம் ஆண்டில் மினகவாவின் பொறுப்பில் ஒரு புதிய உடை வரிசை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஹாட்'. வட நாட்டில் கிராமத்துச் சந்தைக்கு அதுதான் பெயர்.

தைத்த பிறகு மடிப்பு!

இனி, முதலில் சொன்ன அதிசயச் சட்டைக்கு வருவோம்.

துணியில் மடிப்பு வைப்பது மிகப் பழைய வேலை. சாதாரணமாக என்ன செய்வார்கள்? துணிக்கு முதலில் மடிப்பு வைப்பார்கள். பிறகு அதை வெட்டித் தைப்பார்கள். வெட்டின இடத்தில் மடிப்பு கலையும். தைத்த இடத்தில் தடிக்கும். துவைத்தால் பாதி போய் விடும்.

மியாகே 1988-ம் ஆண்டில் இதைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார். முதலில் தையல், பிறகு மடிப்பு!

எப்படி? போடப் போகிற அளவைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகச் சட்டையை வெட்டித் தைத்து விடுவார்கள். ஒரு பூதம் போடுகிற சட்டை போல இருக்கும். அந்தப் பெரிய சட்டையை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து, மடிப்பு எந்திரத்துக்குள் கொடுப்பார்கள். எந்திரம் அதைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து, நல்ல சூட்டில் அழுத்தும். மறுபுறம் வரும்போது பூதத்தின் சட்டை மனிதச் சட்டையாகச் சுருங்கி வரும்!

சூட்டில் என்ன நடக்கிறது? துணி பாலியஸ்டர் நூலால் ஆனது. பாலியஸ்டர் ஒரு வகைப் பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகும். ஆறினால் அந்த நிலையிலேயே இறுகி விடும். அதனால் மடிப்பை நூலே ஞாபகம் வைத்துக் கொள்கிறது. இழுத்தால் விரியும், விட்டால் பழைய இடத்துக்கே போய் விடும். பருத்தியில் இந்த வித்தை பலிக்காது. பட்டிலும் நிற்காது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸ் நகரத்தில் பார்ச்சுனி என்பவர் பட்டில் இதுபோல மிக அழகான மடிப்பு உடை செய்தார். நனைந்து மடிப்புக் கலைந்தால், மறுபடியும் மடிப்பு வைக்க அவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். மியாகேயின் சட்டையை வீட்டிலேயே துவைத்துக் கொள்ளலாம்.

புதுச் சட்டையை அவர் முதலில் யாருக்குக் கொடுத்தார்? அழகிகளுக்கு அல்ல. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து நடனக் குழுவினருக்கு! அவர்கள் துள்ளுவார்கள், உருளுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். 1991-ல் அவர்கள் மேடையில் அதைப் போட்டு ஆடினார்கள். சட்டை தாங்கியது. அடுத்த ஆண்டு விளையாட்டு வீரர்கள் முறை. சோவியத் ரஷ்யாவில் இருந்து பிரிந்து சுதந்திரம் அடைந்த லிதுவேனியா என்ற சின்ன நாடு, 1992-ல் பார்சலோனா ஒலிம்பிக்குக்கு வந்தது. 1928-க்குப் பிறகு அந்த நாடு தன் சொந்தக் கொடியோடு கலந்து கொண்ட முதல் கோடை ஒலிம்பிக் அது. அதன் வீரர்கள் மியாகேயின் மடிப்பு உடையோடு அணிவகுத்து வந்தார்கள்.

1993-ல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற பெயரோடு மடிப்பு உடை கடைக்கு வந்தது. இன்னமும் விற்கிறது. ஆண்களுக்கான மடிப்பு உடை 2013-ல் வந்தது.

மடிப்போடு அவர் ஓய்ந்து விடவில்லை. புஜிவாரா என்ற இளைஞரோடு சேர்ந்து 1990-களின் பிற்பகுதியில் இன்னொரு வேலை செய்தார். கம்ப்யூட்டர் ஓட்டுகிற பின்னல் எந்திரத்தில், நூல் ஒரு பக்கம் போகும். மறுபக்கம் நீண்ட குழாய் போலத் துணி வரும். அந்தத் துணிக்குள்ளேயே கவுன், காலுறை, தொப்பி, பை எல்லாம் கோடு போட்டபடி இருக்கும். வாங்குகிறவர் கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் மேல் வெட்டிக் கொள்ள வேண்டியதுதான். தையலே கிடையாது. வெட்டின இடத்தில் நூல் பிரியாது. முழுக்கை வேண்டுமா, அரைக்கை வேண்டுமா? அது வெட்டுகிறவர் இஷ்டம்! நியூயார்க் நவீன கலை மியூசியம் இந்தத் துணியைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

கறுப்புச் சட்டை

இத்தனை செய்தவரை, உலகத்தில் பாதிப் பேர் ஒரு சாதாரணக் கறுப்புச் சட்டையால்தான் அறிவார்கள்!

ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியை நடத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், 1980-களில் ஜப்பானுக்குப் போய் சோனி தொழிற்சாலையைப் பார்த்தார். எல்லாரும் ஒரே மாதிரி உடையில் இருந்தார்கள். ஏன் என்று தலைவர் அகியோ மொரிட்டாவைக் கேட்டார். "போர் முடிந்தபோது யாருக்கும் உடுத்தத் துணி இல்லை. கம்பெனிதான் உடை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த பழக்கம்" என்ற கருத்தில் மொரிட்டா விளக்கினார். அப்போது சோனிக்காரர்கள் போட்டிருந்த மேலங்கி மியாகே செய்து கொடுத்தது. கையைக் கழற்றி விட்டால் அது கையில்லாச் சட்டையாகி விடும்.

ஜாப்சுக்கு ஆசை வந்து விட்டது. தம் கம்பெனிக்கும் ஒன்று வேண்டும் என்று மியாகேயிடம் கேட்டார். மாதிரிச் சட்டையை எடுத்துக் கொண்டு அமெரிக்காவுக்குப் போய்த் தம் ஆட்களிடம் காட்டினார். கூச்சல் போட்டு அவரை மேடையில் இருந்து விரட்டாத குறைதான்! சீருடை யோசனை அத்தோடு போயிற்று. ஆனால் இருவருக்கும் சிநேகம் ஏற்பட்டு விட்டது. "எனக்காவது ஒன்று செய்து கொடுங்கள்" என்றார் ஜாப்ஸ். கழுத்தை மூடிய கறுப்புச் சட்டைகள், ஏறக்குறைய 100, மியாகே அனுப்பி வைத்தார். 2011-ல் இறக்கும் வரையில் ஜாப்ஸ் மேடையில் அதைப் போட்டுக் கொண்டுதான் நின்றார்.

குறை இல்லையா?

உண்டு. எல்லாருக்கும் உடை என்று புறப்பட்டவர் மியாகே. ஆனால் அவர் பெயர் போட்ட மடிப்புச் சட்டையை, ஜீன்ஸ் வாங்குவது போலக் கூலித் தொழிலாளி வாங்க முடியாது. விலை அதிகம். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவர்கள், கட்டிடக் கலைஞர்கள், வசதியான மாதர்கள் இவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பாரிஸ் தெருவில் கண்ட கனவு பாதிதான் பலித்தது.

மீதிப் பாதியைப் பலிக்க வைத்தவர்கள், அவரைக் கேட்காமல் காப்பி அடித்தவர்கள்! உலகம் எங்கும் சாதாரணச் சந்தைகளில், மடிப்பு வைத்த பாலியஸ்டர் பாவாடையும் கால்சட்டையும் கொடியில் தொங்குகின்றன. விற்கிறவருக்கு மியாகே யார் என்று தெரியாது. வாங்குகிறவளுக்கும் தெரியாது. கசங்காது, சீக்கிரம் காயும், உடம்பு கூடினாலும் குறைந்தாலும் போடலாம் என்பது மட்டும் தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதாதா?

பாலியஸ்டர் மண்ணில் மக்காது என்ற குறையும் உண்டு. இதற்கு அவர் காலம் கடந்தாவது ஒரு வழி தேடினார். 2010-ல், பழைய பாலியஸ்டரைத் திரும்பப் பக்குவப்படுத்திய துணியில் உடை செய்தார். காகிதத்தில் கப்பல் மடிப்பது போல மடித்த உடை அது. கீழே வைத்தால் நட்சத்திரம் போலத் தட்டையாகக் கிடக்கும். நடுவில் பிடித்துத் தூக்கினால் பாவாடை!

உடைக் கலைஞர்களுக்கு அவர் திறந்து வைத்த வழி இன்னொரு பக்கம். 1973-ல் பாரிசில் அவர் தம் உடைகளைக் காட்டியபோது, ஆசியாவில் இருந்து அங்கே போய் நின்றவர்கள் மிகச் சிலர். 1981-ல் ரெய் கவகுபோவும் யோஜி யமமோத்தோவும் அதே நகரத்துக்குப் போய்ப் பெரும் பரபரப்பு உண்டாக்கினார்கள். இன்று ஜப்பானியர் இல்லாமல் பாரிசில் உடைக் காட்சி இல்லை.

பெரியவர்கள் பலர் நாற்காலியை விட மாட்டார்கள். மியாகே 1999-ம் ஆண்டிலேயே தம் பெயரில் நடக்கும் உடைக் காட்சிகளின் பொறுப்பைத் தகிசாவா என்ற சீடரிடம் கொடுத்து விட்டு ஆராய்ச்சிக்குப் போய் விட்டார். அவருக்குப் பின் இன்னும் மூன்று பேர் அந்தப் பொறுப்பில் வந்து விட்டார்கள். பிறர் வேலையில் தலையிடாத குணம் அவருக்கு முன்பே உண்டு. இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 13 ஆண்டு மியாகேயின் உடைகளைப் படம் எடுத்தார். ஒரு நாளும் மியாகே அந்த இடத்துக்குப் போய் நின்றதில்லை. உடைகளை அனுப்பி விடுவார். பென் விருப்பப்படி எடுப்பார்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி டோக்கியோவில் மியாகே காலமானார். கல்லீரலில் புற்றுநோய். மறுநாள் காலை 8.15 மணிக்கு, வழக்கம் போல ஹிரோஷிமாவில் மணி அடித்து, ஜனங்கள் தலை குனிந்து நின்றார்கள். அவர் இறந்த செய்தி அப்போது வெளியாகவில்லை. 9-ந் தேதிதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் நெருங்கியவர்கள் இறுதிச் சடங்கை முடித்து விட்டார்கள். பொதுவில் நினைவுக் கூட்டம் எதுவும் வேண்டாம் என்பது அவருடைய விருப்பம்.